சூடேறினால் ஒழுகும் நீர்

பாய்மரப் படகின் வயிற்றுக்குள் பொருத்தப்படும் சிறிய டீசல் எஞ்சின்களுள் பெரும்பாலானவை இருவேறு நீரோட்டங்களால் குளிர்விக்கப்படுகின்றன. ஒன்று, எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றிவரும் மூடிய ஓட்டம்; நன்னீரும் உறைதடுப்பு நீர்மமாகிய எத்திலீன் கிளைக்காலும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்த இக்கலவைதான் கூலண்ட். மற்றொன்று, படகின் அடியிலுள்ள வால்வு வழியாக உள்ளே வந்து, இம்பெல்லர் என்னும் ரப்பர் இறக்கைச் சக்கரத்தால் தள்ளப்பட்டு, வெப்பப் பரிமாற்றி என்னும் உருளைக்குள் அடுக்கப்பட்ட மெல்லிய குழாய்களினூடே ஓடிக் கூலண்டின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, கடைசியில் எஞ்சின் புகையோடு கலந்து பின்புறமாகக் கடலுக்கே திரும்பும் திறந்த ஓட்டம். மெல்லிய உலோகச் சுவரின் இருபுறமும் ஓடும் இவ்விரு நீரும் ஒன்றையொன்று தொடாதவரை எஞ்சினுக்கு நலம். மூடிய ஓட்டத்தில் நீர் குறையத் தொடங்கினால் அது எங்கோ ஒரு வழியில் வெளியேறுகிறது என்பது வெளிப்படை. அவ்வழியைத் தேடிப் பிடிப்பதுதான் கார் எஞ்சினைக் காட்டிலும் படகு எஞ்சினில் பன்மடங்கு கடினமான வேலையாகிறது.

காரில் நீர் ஒழுகினால் மறுநாள் காலையில் தரையில் ஈரம் தெரியும். சிலிண்டருக்குள் கசிந்தால் புகைக்குழாயிலிருந்து வெண்புகை வரும். படகிலோ புகைக்குழாய்க்குள்ளேயே கடல்நீர் பாய்ச்சப்படுவதால் குளிர்ந்த காலை நேரத்தில் எந்த எஞ்சினும் வெண்ணிற ஆவியை விடத்தான் செய்யும், ஆகவே அந்த ஆவியை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. எஞ்சினுக்கடியில் ஈரம் இருப்பதும் சான்றாகாது. பில்ஜ் எனப்படும் அடிக்குழியில் சுழல்தண்டின் அடைப்பு வழியே சொட்டும் கடல்நீர், பாய்மரத்தின் உள்ளே வழிந்து இறங்கும் மழைநீர், பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய அனைத்தும் முன்னரே குடியேறியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பப் பரிமாற்றியில் கசியும் கூலண்ட் கடல்நீரோடு சேர்ந்து கடலுக்குள்ளேயே போய்விடும். நிமிடத்துக்குப் பல லிட்டர் நீர் புகையோடு தெறித்து விழும் இடத்தில் சில துளிப் பச்சை நிறத்தை எவர் கண்ணாலும் பிரித்தறிய முடியாது.

1990களின் இறுதியில், இங்கிலாந்தின் தென்கரையில் லிமிங்டன் ஆற்று முகத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு பழைய பாய்ப் படகில் இத்தகைய தேடல் ஒன்று நிகழ்ந்தது. முப்பத்திரண்டு அடி நீளமுள்ள அந்தக் கண்ணாடியிழைப் படகுக்கு இரு பங்குதாரர்கள். அவர்களுள் ஒருவர் இந்நினைவுகளை எழுதுபவர், மற்றவர் தொழிலால் கணக்காய்வாளர். படகிலிருந்தது மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். அதன் மூடிய ஓட்டம் கொள்ளும் கூலண்ட் ஏறத்தாழ ஆறு லிட்டர். பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கரையில் நிற்பவர்கள் கேட்பதுண்டு. லிமிங்டனிலிருந்து மேற்கே திறந்த கடலுக்குச் செல்ல வேண்டுமானால், எட்டாம் ஹென்றி கட்டுவித்த ஹர்ஸ்ட் கோட்டைக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள குறுகிய வாயிலைக் கடந்தாக வேண்டும்; பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெருவோத நாட்களில் அங்கே நீரோட்டம் மணிக்கு நான்கு கடல்மைல் வேகத்தை எட்டுகிறது. காற்று ஓய்ந்த வேளையில் அவ்வோட்டத்தின் நடுவே எஞ்சின் நின்றுபோனால், பாய்கள் இருந்தும் இல்லாததற்குச் சமம். கூலண்ட் குறைவது அப்படகின் பங்குதாரர்களுக்குத் தொழில்நுட்பப் புதிராக மட்டும் இல்லாமல் அச்சமாகவும் இருந்ததற்குக் காரணம் இதுவே.

குறைந்த அளவு பெரிதன்று. ஒரு பிற்பகல் எஞ்சின் ஓடினால் தேநீர்க் கோப்பை அளவு நீர் மேல்தொட்டியில் காணாமற்போயிருக்கும். மேல்தொட்டி என்பது எஞ்சினின் மிக உயர்ந்த இடத்தில் அமைந்து, கூலண்ட் ஊற்றும் வாயையும் அழுத்த மூடியையும் தாங்கும் சிறு கொள்கலம். உண்மையிலேயே இழப்பு உண்டா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்கவேண்டியிருந்தது. இருபது பாகையிலிருந்து எண்பது பாகை வரை சூடேறும்போது இக்கலவை மூன்று விழுக்காட்டுக்கும் சற்று மேலாகப் பருமனில் விரிகிறது. ஆறு லிட்டருக்கு அது கிட்டத்தட்ட ஒரு குவளை. தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைத்தால், விரிந்த அளவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறியே தீரும். தனக்குரிய மட்டத்தைத் தொட்டி தானே வகுத்துக்கொள்வதை இழப்பென்று எண்ணி மீண்டும் மீண்டும் நிரப்புவோர் படகுத் துறைகளில் இன்றும் உண்டு. இப்படகில் வெளியேறும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு பிளாஸ்டிக் குப்பி இருந்தது. எஞ்சின் ஆறும்போது உள்ளே ஏற்படும் வெற்றிடம் அந்நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். குப்பியில் நாடா ஒட்டி மட்டம் குறிக்கப்பட்டது. அங்கேதான் முதல் விந்தை வெளிப்பட்டது: குப்பியின் மட்டம் அசையவில்லை, தொட்டியின் மட்டம் மட்டும் இறங்கியது.

இதற்கு விடை அழுத்த மூடியில் இருந்தது. அம்மூடி வெறும் அடைப்பன்று. அதனுள் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது, உள்ளழுத்தம் குறிப்பிட்ட அளவை, இவ்வெஞ்சினில் 0.9 பாரை, தாண்டும்போது திறந்து நீரை வெளியேவிடும். அழுத்தம் கூடுந்தோறும் கொதிநிலையும் உயர்வதால், இம்மூடி கொதிப்பைத் தள்ளிப்போடும் கருவியாகவும் அமைகிறது. சிறியது, ஆறும்போது எதிர்த்திசையில் திறந்து குப்பியிலிருந்து நீரை உள்ளே விடும். பழைய மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தமையால் குப்பியிலிருந்து நீர் வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. மூடி மாற்றப்பட்டது, அதன்பின் குப்பியின் மட்டம் ஒழுங்காக இறங்கியது. கணக்காய்வாளரின் சொற்களில் சொன்னால், இழப்பு நிற்கவில்லை, ஆனால் அது இப்போது சரியான ஏட்டில் பதிவாகத் தொடங்கியது.

அடுத்து வெளிப்புறத் தேடல். எஞ்சினின் அடியில் வெள்ளைக் காகிதத் துண்டுகளை விரித்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் விரலால் தடவிப் பார்த்து, சிறு கண்ணாடியைப் பிடித்துக் கண்ணுக்கெட்டாத மூலைகளையும் நோக்குவது இதன் முறை. பார்க்கவேண்டிய இடங்கள் மரபாகவே வகுக்கப்பட்டுள்ளன: ரப்பர் குழாய்களின் கிளிப்புகள், வார்ப்படத்தின் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகள், சுழற்சிப் பம்பின் அடியில், உள்ளே இருக்கும் அடைப்பு தேய்ந்துவிட்டதை அறிவிப்பதற்கென்றே விடப்பட்டிருக்கும் சிறு துளை, வடிகுழாயின் திருகு. சூடான இரும்பின்மேல் கசியும் கூலண்டில் நீர் ஆவியாகிப் போனபின் நிறமூட்டி மட்டும் பச்சையான பொருக்காக எஞ்சும். வெள்ளைப் பொருக்கு என்றால் அது பெரும்பாலும் கடல்நீர்க் கசிவின் உப்பு. இரண்டையும் வேறுபடுத்தச் சிலர் நாவில் வைத்துப் பார்ப்பார்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் என்பது உண்மைதான், அது சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு என்பதும் உண்மை. இந்தப் பழக்கத்தைத் துணிச்சல் என்று பாராட்டும் படகோட்டிகளை இந்நினைவை எழுதுபவர் ஒருபோதும் வியந்ததில்லை.

இத்தேடலில் ஓர் இணைப்பு அகப்பட்டது. படகில் குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் வெந்நீர் தரும் கொதிகலன் ஒன்று இருக்கும். எஞ்சினின் சூடான கூலண்ட் அதனுள்ளிருக்கும் சுருள்குழாய் வழியே ஓடி நீரைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும். அங்கே செல்லும் குழாயின் கிளிப் ஒன்றைச் சுற்றிப் பச்சைப் பொருக்கு படிந்திருந்தது. கிளிப் புதிதாக்கப்பட்டது, இழப்பு ஓரளவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கசிவு இரண்டாக இருக்கும்போது ஒன்றை அடைப்பதுதான் மிகவும் ஏமாற்றக்கூடிய கட்டம். குறைந்த இழப்பு நின்ற இழப்பைப் போலவே தோற்றமளித்து, சில வாரங்களைத் தின்றுவிடுகிறது.

அதன்பின் எழுந்தது எல்லோரும் அஞ்சும் கேள்வி. சிலிண்டர் தொகுதிக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே இறுக்கப்பட்டிருக்கும் கேஸ்கெட் என்னும் தகட்டு அடைப்பு எரிந்துவிட்டால், எரியும் வாயு கூலண்டுக்குள் புகுந்து அதை மூடிவழியே வெளித்தள்ளும். அல்லது கூலண்ட் சிலிண்டருக்குள்ளோ எண்ணெய்க்குள்ளோ இறங்கும். பழுதுபார்ப்பவர்கள் முதலில் இதையே சொல்வார்கள், ஏனெனில் இது பெரிய வேலை, பெரிய கட்டணம். துறையில் கேட்ட முதல் கருத்தும் தலைப்பகுதியைக் கழற்றிவிட வேண்டும் என்பதாகவே இருந்தது. கழற்றுவதற்கு முன் பார்க்கக்கூடியவை பல இருந்தன. எண்ணெய் அளவுக்கோலில் பாலாடை போன்ற குழம்பு ஏதும் இல்லை. குளிர்ந்த எஞ்சினை மூடியின்றி ஓடவிட்டபோது தொட்டியில் தொடர்ச்சியான குமிழிகள் எழவில்லை. தொடங்கிய ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறுமுன், குழாய்கள் விறைத்துக்கொள்ளவும் இல்லை. இறுதியாக, கரியமில வாயு பட்டால் நீல நிறத்திலிருந்து மாறும் வேதிக்கரைசல் கொண்ட சிறு கண்ணாடிக் கருவி தொட்டியின் வாயில் வைத்துப் பார்க்கப்பட்டது. நீலம் நீலமாகவே இருந்தது. இச்சோதனைகளில் எதுவும் தனித்து நின்று முடிவு சொல்லாது. நான்கும் ஒரே பக்கம் சாயும்போது தலைப்பகுதியைத் தொடாமல் விடுவதற்கு அவை போதும்.

தேடலைத் திசைதிருப்பியவர் படகுத் தளத்தில் வேலைபார்த்த முதிய எஞ்சின் பணியாளர் ஒருவர். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. எஞ்சின் ஓடும்போது, நிற்கும்போது, ஆறும்போது ஆகிய மூன்று நிலைகளிலும் அழுத்தம் எந்தப் பக்கம் மிகுதி என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியை எண்ணிப் பார்க்கும்போதுதான், குளிர்ந்து கிடக்கும் எஞ்சினின்மேல் கைவிளக்கோடு குனிந்து கிடந்த நேரமெல்லாம் கசிவுக்குக் காரணமே இல்லாத நேரம் என்பது விளங்கிற்று. குளிர்ந்த நிலையில் கூலண்ட் ஓட்டத்தில் அழுத்தமே இல்லை. தொடங்கியவுடன் கடல்நீர்ப் பக்கம் பம்பின் உந்தலால் சற்று மிகுகிறது. சூடேறியபின் கூலண்ட் பக்கம் முக்கால் பார், 0.9 பார் என்று ஏறிக் கடல்நீர்ப் பக்கத்தை வெகுவாக விஞ்சுகிறது. நிறுத்தி ஆறவிட்டால் கூலண்ட் பக்கத்தில் வெற்றிடம் தோன்றுகிறது. வெப்பப் பரிமாற்றியின் குழாய்ச் சுவரில் ஊசித்துளை ஒன்று இருக்குமானால், ஒரே நாளில் அதன்வழியே நீர் இருதிசைகளிலும் போய்வரும்; தொட்டியில் தெரியும் குறைவு, வெளியே போனதிலிருந்து உள்ளே வந்ததைக் கழித்த மிச்சம் மட்டுமே. உள்ளே வந்தது உப்புநீர் என்பதுதான் இதில் நச்சான பகுதி.

ஆகவே செய்யவேண்டியது, ஓடும் எஞ்சினின் அழுத்தத்தை ஓடாத எஞ்சினுக்குள் உண்டாக்குவது. இதற்கென்று கைப்பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த கருவி ஒன்று உண்டு. அதை மூடிக்குப் பதிலாகத் தொட்டியின் வாயில் பூட்டி, மூடியில் குறித்த அளவு வரை மட்டும் காற்றை அடிக்க வேண்டும், மீறி அடித்தால் நல்ல இணைப்புகளும் புண்படும். முள் 0.9 பாரில் நின்றது. பின்னர் மிக மெதுவாக இறங்கத் தொடங்கியது. எஞ்சினுக்கடியில் விரித்த வெள்ளைக் காகிதங்கள் எல்லாம் உலர்ந்தே கிடந்தன. வெளியே ஒரு துளியும் இல்லாமல் முள் இறங்குகிறதென்றால், நீர் போவதற்கு உள்வழிகள் மூன்றே: சிலிண்டர், கொதிகலன் சுருள், வெப்பப் பரிமாற்றி. சிலிண்டர் ஏறத்தாழ விலக்கப்பட்டுவிட்டது. கொதிகலனுக்குச் செல்லும் இரு குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து அதை ஓட்டத்திலிருந்து நீக்கியபின் மீண்டும் அழுத்தம் ஏற்றப்பட்டது. முள் முன்போலவே இறங்கியது. இந்தச் சோதனையைச் சிலர் தேவையற்றதென்று தள்ளிவிடுவர். ஆனால் சுருளில் துளை இருந்தால் கூலண்ட் குடிநீர்க் குழாய்க்குள் போய்ச் சேரும் என்பதை நினைத்தால், அரைமணி நேர உழைப்பு மிகையாகாது.

எஞ்சியது வெப்பப் பரிமாற்றி. கடல்நீர் வால்வு மூடப்பட்டது. பரிமாற்றியிலிருந்து புகைக்குழாய் வளைவுக்குச் செல்லும் ரப்பர் குழாய் கழற்றப்பட்டு, உள்ளிருந்த கடல்நீர் முழுதும் வடிக்கப்பட்டது. திறந்த வாய் துணியால் துடைத்து உலர்த்தப்பட்டு, அதனடியில் காகிதம் வைக்கப்பட்டது. மீண்டும் 0.9 பார். நெடுநேரம் எதுவும் நிகழவில்லை. பின்னர் வாயின் கீழ்விளிம்பில் ஈரம் திரண்டு ஒரு துளியாகி விழுந்து, காகிதத்தில் ஐயத்துக்கிடமின்றிப் பச்சையாகப் பரவியது. கணக்காய்வாளர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தலைப்பகுதியைக் கழற்றச் சொன்னவருக்குக் காட்டுவதற்காக என்பது அவர் தந்த விளக்கம்.

இடம் தெரிந்தபின் நடந்தவை எளிய உழைப்பு. இருமுனை மூடிகளையும் திறந்து, அவற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களை எடுத்தபின், குழாய்க் கற்றை உருளையிலிருந்து மெல்ல உருவப்பட்டது. பென்சில் பருமனுக்கும் குறைந்த செப்பு–நிக்கல் கலப்புலோகக் குழாய்கள் இரு வட்டத் தகடுகளுக்கிடையே அடுக்கப்பட்டு, முனைகளில் பற்றவைக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் உடைந்த பழைய இம்பெல்லரின் ரப்பர்த் துணுக்குகளும், கடல்நீர் சூடேறுவதால் படியும் சுண்ணாம்புப் பொருக்கும் அடைந்திருந்தன. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போலத் தண்ணீர்த் தொட்டியில் கற்றையை அமிழ்த்தி, ஒவ்வொரு குழாயாக முனைகளை அடைத்துக் காற்றூதிப் பார்த்ததில், கடல்நீர் உள்ளே நுழையும் முனையை அடுத்திருந்த ஒரு குழாயிலிருந்து நுண்குமிழிகள் சரமாக எழுந்தன. நுழைவாயிலில் நீர் சுழித்துப் பாய்வதால் அவ்விடத்தில்தான் உலோகம் விரைவாகத் தேய்கிறது. அதோடு, துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்கென்று பொருத்தப்படும் துத்தநாகக் கோல் எப்போதோ கரைந்துபோய், அதன் பித்தளைத் திருகு மட்டும் ஒப்புக்கு நின்றிருந்தது. துத்தநாகம் இல்லாதபோது கடல்நீர் வேறு உலோகத்தைத் தேடிக்கொள்வது இயல்பே.

பழுதான ஒரு குழாயின் இருமுனையையும் ஈயம் பற்றவைத்து அடைத்துவிட்டால் போதும் என்பது ஒரு வழி. பத்தில் ஒரு பங்குக் குழாய்கள் அடைபட்டாலும் குளிர்விப்பு பெரிதும் கெடாது என்பது தொழில் வழக்கில் உள்ள கணக்கு. ஆனால் ஒரு குழாய் தேய்ந்த இடத்தில் அதன் அண்டைக் குழாய்களும் அதே வயதுடையவை. புதிய கற்றை வாங்குவதென்றும், பழையதை அடைத்து மாற்றுப்பொருளாகப் படகிலேயே வைத்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. அதைவிட முக்கியமானது, உப்பு கலந்த பழைய கூலண்டை முழுதும் வடித்து, தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப வால்வையும் கழற்றிவிட்டு, நன்னீரால் பலமுறை அலசியது. கூலண்டில் கலந்துள்ள துருத்தடுப்புப் பொருள்களை உப்பு முறியடித்துவிடுவதால், துளையை அடைத்தும் நீரை மாற்றாமல் விடுபவர் நோயைத் தணித்து நஞ்சை உள்ளேயே வைக்கிறார்.

புதிய கற்றையோடு அழுத்தச் சோதனையில் முள் அசையாமல் நின்றது. ஆயினும் அடுத்த ஓட்டத்துக்குப் பின் தொட்டியின் மட்டம் மீண்டும் இறங்கியிருந்தது; கணக்காய்வாளர் அப்போதே திருகுகளைக் கழற்ற முனைந்தார். இதற்கும் அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. கொதிகலன் எஞ்சினைவிட உயரமாகப் பொருத்தப்பட்டிருந்ததால், புதிதாக நிரப்பியபோது அதன் குழாயின் மேல்வளைவில் காற்று சிக்கிக்கொண்டு, எஞ்சின் ஓட ஓடக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியேறி, தன் இடத்துக்கு நீரை அழைத்துக்கொண்டிருந்தது. சிக்கிய காற்று இன்னொரு வகையிலும் தீங்கானது: வெப்ப உணர்வான் நீரில் மூழ்காமல் காற்றில் நின்றுவிட்டால், எஞ்சின் காய்ந்துகொண்டிருக்கும்போதே அளவுமானி சரியான வெப்பம் என்று காட்டும். மேல்வளைவிலிருந்த கிளிப்பைச் சற்றுத் தளர்த்தியதும் காற்று சீறி வெளியேறி, அதன்பின் நீர் எட்டிப்பார்த்தது. கிளிப் இறுக்கப்பட்டு, தொட்டி நிரப்பப்பட்டு, குப்பியில் நாடா புதிதாக ஒட்டப்பட்டது. மட்டத்தைப் படகு சாயாமல் கட்டிக்கிடக்கும்போது, எஞ்சின் ஆறிய காலைவேளையில் மட்டுமே பார்ப்பதென்று இருவரும் வகுத்துக்கொண்டனர். அக்டோபரில் படகைக் கரையேற்றும்வரை நாடாவின் விளிம்பும் நீர்மட்டமும் ஒன்றாகவே இருந்தன. ஊற்றுவதற்கென்று வாங்கி வைத்த கூலண்ட் கேன் பாதியளவு மீந்து, குளிர்காலத்தில் கணக்காய்வாளரின் காருக்குப் போயிற்று.